எடைமேடைக் கணினியின் நினைவகத் தேவை: கும்மிடிப்பூண்டி நோக்கில் ஓர் ஆய்வு

எடைமேடைக் கணினி என்பது லாரியின் எடையைக் குறித்துக்கொள்ளும் ஒரே வேலைக்காக விண்டோஸ் 98 முழுவதையும் சுமந்து நிற்கும் பெட்டி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் அதையொட்டிய கொல்கத்தா நெடுஞ்சாலையும் இதன் வாழ்விடம். பழைய இரும்பு உள்ளே வருவதும் கம்பி வெளியே போவதும் எடை போட்டே நடக்கும் வட்டாரம் ஆகையால் இவ்வினம் இன்னும் அழியவில்லை. தூசு படிந்த மானிட்டர், பிளாஸ்டிக் உறை போட்ட கீபோர்டு, சாமி படம் ஒட்டிய சிபியு ஆகியவற்றைக் கொண்டு இதை அடையாளம் காணலாம்.

முதலில் தேவை. 60 டன் மேடையின் உச்ச எடை 60,000 கிலோ. இரண்டு பைட்டில் 65,535 வரை எழுதலாம். ஆகவே லாரி, சரக்கு, இறங்க மறுக்கும் கிளீனர் அனைவரும் இரண்டு பைட்டுக்குள் அடக்கம். விண்டோஸ் 98 கேட்பதோ குறைந்தது 16 எம்.பி.; அதாவது 1,67,77,216 பைட், தேவையைப்போல் 83,88,608 மடங்கு. மிச்சம் எங்கே போகிறது என்ற வினாவுக்குத் தொடக்கத் திரையில் மிதக்கும் மேகங்களும், லாரி வராத நேரத்துச் சீட்டாட்டமும் ஓரளவு விடை தருகின்றன.

நினைவகத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்பது முதலாளிகளிடையே பரவலான நம்பிக்கை. சென்னை ரிச்சி தெருவில் மலிவாக வாங்கிய ராமைச் செருகி 512 எம்.பி.யைத் தாண்டினால், விண்டோஸ் 98 ‘போதிய நினைவகம் இல்லை’ என்று சொல்லி நின்றுவிடக்கூடும். இது நகைச்சுவையன்று. வீகேஷ் என்னும் உறுப்பு, இருக்கும் ராமின் அளவைப் பார்த்துத் தனக்கான முகவரிகளை முன்கூட்டியே வளைத்துப் போடுகிறது. ராம் பெருகப் பெருக மற்ற டிரைவர்களுக்கு முகவரி மிஞ்சுவதில்லை. சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் வீகேஷுக்கு வரம்பு எழுதுவது ஒரு பரிகாரம். புதிய ராமைக் கழற்றி முதலாளியிடமே கொடுத்துவிடுவது எளிய பரிகாரம்.

ராம் கூடாமலே தகராறு வருவதும் உண்டு. நீண்ட பீப் ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால் மெக்கானிக்குகளிடம் இரண்டு மரபுகள் உள்ளன: ராமின் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது, வாயால் ஊதுவது. முன்னது படிந்த கறையை நீக்கும். பின்னது எச்சில் ஈரத்தைச் சேர்க்கும். இரண்டாம் மரபே பெரும்பான்மை.

பொருத்தப்பாடு வேறு கதை. மேடையின் எடை ஆர்எஸ்-232 வயரில் வருகிறது. பழைய டாஸ் மென்பொருள் அந்த வயர் செருகிய துறையை நேரடியாகத் தொட்டுப் படிக்கும். 98 அதைக் கண்டுகொள்ளாது. எக்ஸ்பி கேள்வி கேட்கும். 64 பிட் விண்டோஸில் 16 பிட் மென்பொருள் கிளம்பவே கிளம்பாது. மேலும் எடைச் சீட்டு மூன்று பிரதி வேண்டும். கார்பன் தாளைக் குத்தி அச்சிட டாட் மேட்ரிக்ஸ் போன்ற பிரிண்டரால் மட்டுமே முடியும். லேசர் பிரிண்டருக்கு அந்தத் தெம்பு இல்லை. மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலை 11-இல் விண்டோஸ் 98-ஐக் கைவிட்ட செய்தி கார்பன் தாளை எட்டவில்லை.

காலக்கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. மதர்போர்டின் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் தேதி 1980 ஜனவரி 1-க்குத் திரும்பக்கூடும். அப்படி வெளிவந்த சீட்டின் தலைப்பில் ‘திருவள்ளூர் மாவட்டம்’ என்றும் கீழே ‘டிஎன் 20’ வண்டி எண்ணும் இருக்கும். மாவட்டம் பிறந்ததே 1997-இல். டிஎன் வரிசை எண்களும் 1980-இல் கிடையாது. வருங்காலக் கல்வெட்டு ஆய்வாளர்கள் இதனால் இரண்டு கட்சியாகப் பிரிவது உறுதி.

ஒன்று பாக்கி. மேடையோடு இணைந்த காட்சிப் பெட்டி கணினியே இல்லாமலும் எடை காட்டும். கணினி படுத்துவிட்ட நாளில் எழுத்தர் அதைப் பார்த்து பால்பாயிண்ட் பேனாவால் சீட்டு எழுதுகிறார். வரிசை சற்று நீளும், லாரிகள் போய்க்கொண்டுதான் இருக்கும்.