செல்ஃப் அடிச்சா போதுமாடா, பேராண்டி?

இன்னாடா பேராண்டி, சாவியை அந்தத் திருகு திருகறே? பானெட்டைத் தூக்கறே, உள்ள பார்த்துத் தலையாட்டறே, மூடறே. மறுபடியும் தூக்கறே. உள்ள இருக்கறதுல ஏதாவது ஒண்ணு எழுந்து நின்னு, ‘நான்தான் கெட்டுப்போனேன் சாமி’ன்னு கையைத் தூக்கும்னு பார்க்கறியா? அதெல்லாம் தூக்காது. அதுங்களை வரிசையா நிக்கவெச்சு விசாரிக்கணும். அந்த விசாரணைதான் உனக்கும் தெரியல, உனக்கு யோசனை சொன்ன டீக்கடைப் பேரவைக்கும் தெரியல.

வாங்கினது வாங்கினே, போயும் போயும் பழைய பத்மினியா வாங்கினே? பம்பாய் குர்லாவுல பிரீமியர் கம்பெனிக்காரன், இத்தாலிக்காரனோட ஃபியட் 1100-ஐ வெச்சிக்கினு செஞ்ச வண்டி. 1089 சிசி, நாலு சிலிண்டரு. எழுபதுகள்ல பத்மினின்னு பேர் வெச்சான். நம்ம பக்கம் யாரு அந்தப் பேரைச் சொன்னாங்க? கடைசி வரைக்கும் ஃபியட்டுதான். பம்பாய்லயே கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரோட ரோட்டை விட்டுப் போயிடுச்சு. பம்பாய்க்காரனே கைகழுவினதை நீ கைபிடிச்சிக்கினு வந்திருக்கே. சரி, பிடிச்சது பிடிச்சே. ஒரு நல்லது இருக்குது: இதுல கம்ப்யூட்டர் இல்ல, சென்சார் இல்ல. கண்ணும் காதும் மூக்கும் இருந்தா போதும். மூணும் உனக்கு இருக்குது. என்னிக்காவது உபயோகப்படுத்திப் பாரு.

முதல்ல இதைக் கேளு. செல்ஃப் அடிக்குதுன்னா அதுக்கு என்ன அர்த்தம்? பேட்டரியில கொஞ்சம் உயிர் இருக்குது, செல்ஃப் மோட்டார் வேலை செய்யுது, எஞ்சின் இறுகிப்போகல. அம்புட்டுதான். சுத்தறது வேற, எடுக்கறது வேற. நம்ம வேலூர் அப்துல்லாபுரம் ஏரோட்ரோமையே எடுத்துக்கோ. உடான் திட்டத்துல சேர்த்தாங்க, ஓடுதளத்தைச் சரிபண்ணாங்க, ‘இதோ பறக்கப்போவுது’ன்னு வருஷக்கணக்கா செல்ஃப் அடிச்சிக்கினே இருந்தாங்க. எடுத்துச்சா? சத்தம் வந்தா வேலை நடக்குதுன்னு நம்பறது நம்ம ஜில்லாவுக்கே பழகின வியாதி.

அடுத்து, தெருப்பசங்களைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளச் சொன்னியே, அது எதுக்கு? தள்ளறதுன்னா இன்னா? செல்ஃப் மோட்டார் செய்ய வேண்டிய வேலையை ஆறு பேர் செய்யறது. செல்ஃபே நல்லா சுத்திக்கினு இருக்கறப்ப ஆறு பேர் சேர்ந்து எதைக் கூடுதலா சுத்தப்போறீங்க? பேட்டரி நோஞ்சானா இருந்தா தள்ளறதுல ஒரு நியாயம் உண்டு. ஏன்னா செல்ஃபே எல்லா கரண்டையும் குடிச்சிட்டு காயிலுக்கு மிச்சம் வைக்காது. அதைத் தெரிஞ்சிக்க ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடி. வெளிச்சம் செத்துப்போனா பேட்டரியைப் பாரு. கொஞ்சமா மங்கிட்டு நின்னா, தள்ளற பசங்களுக்கு சோடா வாங்கிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பு.

செல்ஃபையும் விடாம அடிக்காதே. அது ஒரு தடவை சுத்தறதுக்கு 100 ஆம்பியருக்கு மேல இழுக்கும். பத்து செகண்டு அடி, அரை நிமிஷம் விடு. அப்படியும் எடுக்கலைன்னா சாவியை விட்டுட்டு ஸ்பேனரை எடு. இல்லைன்னா இப்ப ஒரு பழுதோட நிக்கற வண்டி சாயங்காலம் மூணு பழுதோட நிக்கும்.

பேட்டரின்னதும் நம்ம ஊர் சங்கதி ஒண்ணு சொல்றேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு தோல் ஷாப்பு பக்கமே சுத்தின வண்டிக்குன்னு தனியா ஒரு நோய் இருக்குது. பச்சைத்தோல் கெடாம இருக்க உப்பு போடுவாங்க. அந்த உப்புத்தோலை டிக்கியில போட்டு எடுத்துக்கினு போனவங்க உண்டு. அந்த உப்புத்தண்ணி தகரத்தையும் விடாது, எர்த் பட்டையையும் விடாது. இன்னொண்ணு, மயிர் உதிர்க்கச் சுண்ணாம்போட சோடியம் சல்ஃபைடு போடறாங்களே, அந்தத் தண்ணி அமிலத்தோட சேர்ந்தா அழுகின முட்டை நாத்தம் வரும். அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பு, பித்தளை எதைக் கண்டாலும் கறுக்க வெச்சிடும். அதனால வெளியூர் மெக்கானிக் கடைசியா பார்க்கறதை நீ முதல்ல பாரு: பேட்டரி டெர்மினல், எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற எர்த் பட்டை, காயில் மேல இருக்கற சின்ன ஒயர் முனைங்க. பேட்டரியைக் கழட்டிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்கு. பாதி வண்டிங்க இதுலயே வழிக்கு வந்திடும்.

வரல்லையா? இப்பதான் விசாரணை. எஞ்சின் எடுக்க நாலு வேணும்: கரண்டு, பெட்ரோலு, காத்து, அமுக்கம். நாலும் நேரத்துக்கு வரணும். இந்த வரிசையை விட்டுட்டு, ஒருத்தன் சொன்னான்னு பிளக்கு மாத்தறது, இன்னொருத்தன் சொன்னான்னு காயில் மாத்தறது, சித்தப்பன் சொன்னான்னு கார்புரேட்டரையே புதுசா வாங்கறது... இதுக்குப் பேரு ரிப்பேர் இல்ல, உதிரிபாகக் கடைக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதறது.

முதல்ல கரண்டு. பீடியைக் கீழ போடு. நீ பிடிக்க மாட்டியா? அப்ப பக்கத்துல நிக்கற உன் சிநேகிதனை தூரப்போகச் சொல்லு. ஒரு பிளக்கு ஒயரைக் கழட்டி, வேற பிளக்கு ஒண்ணை அதுல மாட்டி, அதோட இரும்பு உடம்பு எஞ்சின்மேல நல்லாப் படறாப்போல வை. கையால பிடிச்சிக்கினு நிக்காதே. அதுல வர்றது 10,000 வோல்ட்டுக்கு மேல. உனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே தலைமயிர் நட்டுக்கும். ஒருத்தனை செல்ஃப் அடிக்கச் சொல்லு. டப்பு டப்புன்னு நீலமா, கொழுப்பா தீப்பொறி வந்தா கரண்டு கேஸு தள்ளுபடி, நேரா பெட்ரோலுக்குப் போ.

பொறி வரலைன்னா, இல்ல மஞ்சளா இளைச்சு வந்தா, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தொற. உள்பக்கம் மயிரிழை விரிசல் இருக்குதா, ஈரம் இருக்குதா, நடுவுல இருக்கற கரிமுனை தேய்ஞ்சு போச்சான்னு பாரு. மூடி தொறந்திருக்கறப்பவே செல்ஃப் அடிச்சு ரோட்டர் சுத்துதான்னு பாரு. சுத்தலைன்னா அதோட நிறுத்திக்கோ. உள்ள டைமிங் செயினோ, டிஸ்ட்ரிபியூட்டரைச் சுத்தற பல்லோ போயிருக்குது. அது உன் வேலையும் இல்ல, என் வேலையும் இல்ல. செல்ஃப் அடிக்கறப்ப வழக்கத்தைவிட வேகமா, தடையே இல்லாம ‘விர்ர்’னு சுத்தினாலும் அதே சந்தேகம்தான். அமுக்கம் இல்லாத எஞ்சின்தான் அப்படிச் சந்தோஷமா சுத்தும்.

ரோட்டர் சுத்துதுன்னா பாயிண்டைப் பாரு. பழைய வண்டி நின்னுபோச்சுன்னா நான் முதல்ல சந்தேகப்படற ஆளு இதுதான். கறுகியிருந்தா மெல்ல தேய்ச்சு, சுத்தமான துணியால துடை. முழுசா தொறந்திருக்கறப்ப இடைவெளி 0.4 மில்லிமீட்டர் பக்கம் இருக்கணும். சரியான கணக்கு வண்டியோட புத்தகத்துல இருக்கும், ஃபீலர் கேஜ் வெச்சுப் பாரு. தேய்ச்சு வெச்ச பாயிண்டு சீக்கிரமே மறுபடி கறுகினா கண்டன்சர் போச்சுன்னு அர்த்தம். அதையும் சேர்த்து மாத்து. சாவியை ஆன்லயே விட்டுட்டு டீ குடிக்கப் போற புத்தியையும் மாத்து. பாயிண்டு மூடியிருந்தா காயில் சூடேறி வெந்துபோகும்.

‘தாத்தா, ஒயரையெல்லாம் கழட்டித் துடைச்சு மாட்டினேன், அப்புறம்தான் எடுக்கல’ன்னு முனகினியே, அது காதுல விழாமலா போச்சு? வரிசை 1-3-4-2. மாத்தி மாட்டினா கார்புரேட்டர் வழியா பட்டாசு வெடிக்கும், வண்டி எடுக்காது. ஒரு ஒயரைக் கழட்டித் துடைச்சு மாட்டிட்டு அப்புறமா அடுத்த ஒயரைத் தொடு.

இப்ப பெட்ரோலு. முள்ளு பாதி காட்டுதுன்னு சத்தியம் பண்ணாதே. பழைய வண்டி முள்ளும் தேர்தல் வாக்குறுதியும் ஒண்ணுதான். டேங்கு மூடியைத் தொற. தொறக்கறப்ப ‘உஸ்’னு காத்தை உள்ள இழுத்தா, மூடியில காத்துத் துளை அடைச்சிருக்குது, பெட்ரோல் இருந்தும் வராம இருந்ததுக்குக் காரணம் அதான். அது இல்லைன்னா, எஞ்சின் ஆறியிருக்கறப்ப ஏர் ஃபில்டரைக் கழட்டி, கார்புரேட்டர் வாய்க்குள்ள பார்த்துக்கினே கையால ஆக்சிலேட்டரை இழு. சர்ருன்னு பீச்சினா உள்ள பெட்ரோல் இருக்குது. பீச்சலைன்னா, காயிலோட நடு ஒயரைக் கழட்டி எர்த்துல வெச்சிட்டு, கார்புரேட்டருக்கு வர்ற ட்யூபைக் கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு செல்ஃப் அடி. விட்டு விட்டு பீச்சணும். அதுவும் இல்லைன்னா பம்போட டயாஃப்ரம், ஃபில்டர், இல்ல வழியில ட்யூப் விரிசல் விட்டுக் காத்தை இழுக்குது.

பழைய ட்யூபுன்னதும் இன்னொண்ணு. இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை 2023-ல சில பங்க்ல விட ஆரம்பிச்சு, 2025-க்குள்ள நாடு பூரா கொண்டாந்துட்டாங்க. உன் வண்டியோட ரப்பரெல்லாம் அந்தப் பேச்சே இல்லாத காலத்து ரப்பர். எத்தனால் அதை ஊறவெச்சு உப்ப வைக்கும், வெடிக்க வைக்கும். காத்துல இருக்கற ஈரத்தையும் இழுத்துக்கும். கல்யாணத்துக்குக் கல்யாணம் மட்டும் எடுக்கற வண்டியில மாசக்கணக்கா பெட்ரோல் கிடந்தா அடியில தண்ணி தங்கிடும். ட்யூபையும் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கற ரகமா மாத்து. வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டியை எடு.

சித்திரை வைகாசியில பள்ளிகொண்டா பக்கம் நல்லா ஓடின வண்டி, டோல்கேட்ல நின்னு மறுபடி எடுக்கலையா? பதறாதே. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். எஞ்சினோட ஒட்டிக்கினு இருக்கற பம்புல பெட்ரோல் ஆவியாகி, பம்பு வெறும் ஆவியை இழுத்துக்கினு இருக்கும். துணியை நனைச்சு பம்புமேல போடு. கரண்டு சாமான்மேல தண்ணி சொட்டாம பாரு. அரைமணி நேரம் புளியமர நிழல்ல உக்காரு. இந்த வைத்தியம் பாட்டன் காலத்துது, காசும் இல்ல. அதனாலதான் யாரும் மதிக்க மாட்டேங்கறான்.

பெட்ரோல் வரவே இல்லைங்கறது ஒரு கேஸு, வழியறது இன்னொரு கேஸு. சோக்கை இழுத்துவிட்டு ஆக்சிலேட்டரை டபடபன்னு மிதிச்சியே, பிளக்கெல்லாம் குளிச்சிருக்கும். மூக்குக்குத் தெரியல? சோக்கை உள்ள தள்ளு. ஆக்சிலேட்டரை ஒரே மிதியா தரையோட அழுத்தி அப்படியே வெச்சிக்கினு செல்ஃப் அடி. நடுவுல பம்ப் அடிக்காதே. எடுக்கலைன்னா பிளக்கைக் கழட்டி உலர்த்து. மறுபடியும் வழிஞ்சா மிதவைக்கு மேல இருக்கற ஊசியில தூசி மாட்டியிருக்குது.

அந்தத் தூசி எங்கேர்ந்து வந்துச்சு? ஃபில்டரே மாத்தாம ஓட்டின மகராசன்கிட்டேர்ந்து. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட கேஸுல, பாலாத்தை நாசம் பண்ணினவன்தான் அதுக்குக் காசு கட்டணும்னு சுப்ரீம் கோர்ட்டு 1996-ல தீர்ப்பு சொல்லிச்சு. நம்ம தோல் ஷாப்புங்களை வெச்சுச் சொன்ன தீர்ப்பு, நாட்டுக்கே சட்டமா நின்னுச்சு. கார்புரேட்டருக்கும் அதே சட்டம்தான்: அழுக்கு பண்ணினவன் கட்டணும். ஆனா உனக்கு வித்தவன் போனை எடுக்கமாட்டான், அதனால நீ கட்டு. ஜெட்டைக் கழட்டினா காத்து அடிச்சு ஊது. கம்பி விட்டுக் குடையாதே. பித்தளைத் துளை பெருசாப்போனா, அப்புறம் பெட்ரோல் பங்க்காரன் உன்னைக் கண்டாலே எழுந்து நின்னு கும்பிடுவான்.

இவ்வளவும் பார்த்து, கரண்டும் இருந்து பெட்ரோலும் இருந்து எடுக்கலைன்னா, எல்லா பிளக்கையும் கழட்டி, காயிலோட நடு ஒயரை எர்த்துல வை. பிளக்கு ஓட்டையில கட்டைவிரலை வெச்சு செல்ஃப் அடி. நாலு சிலிண்டரும் விரலைத் தள்ளணும். தள்ளலைன்னா வால்வோ, ரிங்கோ, கேஸ்கெட்டோ போயிருக்குது. அப்ப ஆம்பூர்ல கைதேர்ந்த பாய் யாராவது ஒருத்தரைப் போய்ப் பாரு. போய், ‘வண்டி எடுக்கல’ன்னு மொட்டையா சொல்லாதே. ‘பொறி நீலமா வருது, பெட்ரோல் பீச்சுது, மூணாம் சிலிண்டர்ல அமுக்கம் இல்ல’ன்னு சொல்லு. உன்னை ஏமாத்த நினைக்கறவனும் ஒரு நிமிஷம் யோசிப்பான்.

வண்டியில ஒரு டப்பா வெச்சிக்கோ: ஒரு செட் பாயிண்டு, ஒரு கண்டன்சர், ஒரு பிளக்கு, டெஸ்ட் லைட்டு, உப்புத்தாள், பழைய துணி. பார்க்காம எதையும் மாத்தாதே. மாத்தினா ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்து. இல்லைன்னா எது கெட்டிருந்துச்சுன்னு சாகற வரைக்கும் தெரியாது. இதுல மிச்சமாகற காசுக்கு ஆம்பூர்ல எண்ணெய்க் கத்திரிக்காயோட ஒரு பிரியாணி சாப்பிடு, எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கினு வா. இலவசமா யோசனை சொல்றவன்னு என்னை நினைச்சிடாதே.