மாப்பிள்ளை முறுக்கு அங்கன செல்லாதுலே

ஏலே மருமவனே, விண்டோஸைத் தூக்கிக் கடாசிட்டு லேப்டாப்புல டெபியன் லினக்ஸ் ஏத்திட்டியாமே. நல்ல காரியம். ஏத்துன மறுநாளே வைஃபை கிடைக்கலன்னு லினக்ஸ் உதவி மன்றத்துல உள்ள ஆளுகளைப் போட்டு உலுக்குதியாமே. அதுவும் நல்ல காரியந்தான். வந்த அன்னைக்கே எல்லாருக்கும் உன்னைத் தெரிஞ்சு போச்சுல்லா.

நீ எழுதுனதைப் பாத்தேன். "வைஃபை வொர்க் ஆகல, அர்ஜென்ட், யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க." அதுக்குப் பின்னால வரிசையா ஆச்சரியக்குறி. கூடவே போன்ல திரையைச் சாய்ச்சுப் பிடிச்ச ஒரு படம். அதுல பாதி உன் கட்டவிரல், மீதி டியூப்லைட் வெளிச்சம். லினக்ஸ்காரனுக்கு மை போட்டுப் பாக்கத் தெரியாதுலே.

அவுக என்ன, உங்கப்பன் சம்பளம் குடுத்து வச்ச ஆளா? 1991-ல ஹெல்சிங்கியில படிச்சுக்கிட்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயசுப் பய, பொழுதுபோக்குக்குத்தான் செய்யுதேன், பெருசா ஒண்ணும் வராதுன்னு சொல்லி ஆரம்பிச்சது இந்த லினக்ஸ். டெபியன் 1993-லருந்து தன்னார்வலர் கையால ஓடுது. ராத்திரி சோலி முடிஞ்சு, பிள்ளையை உறங்க வச்சிட்டு வந்து உனக்குப் பதில் எழுதுதான் ஒருத்தன். அவங்கிட்டப் போயி "விண்டோஸ்ல இந்தத் தொல்லையே இல்ல"ங்கே. தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாத்த கதைதான்.

மொதல்ல டெர்மினலைத் திற. 'எல்எஸ்பிசிஐ'ன்னு அடிச்சா உன் வைஃபை சிப்பு எந்தக் கம்பெனிதுன்னு சொல்லும். முன்னால 'சூடோ' போட்டு 'டிமெஸ்க்'னு அடி. பொட்டி எந்திரிச்சதுலருந்து கெர்னல் பொலம்புன பொலம்பல் பூராவும் கொட்டும். அதுல 'ஃபர்ம்வேர் கோப்பைத் தேடுனேன், கிடைக்கல'ங்க மாதிரி ஒரு வரி இருந்தா நோய் தெரிஞ்சு போச்சு. டெபியன் 11 வரைக்கும், கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை வழக்கமான இன்ஸ்டாலர்ல சேக்க மாட்டாவ. 2023-ல வந்த 12-லருந்துதான் சேத்துக் குடுக்காவ. நீ எவனோ குடுத்த பழைய பென்டிரைவை வச்சு 11-ஐ ஏத்திட்டு, உலகத்தைக் குத்தஞ்சொல்லுதே.

சிப்பு ஓடுததுக்கு வேண்டிய அந்த ஃபர்ம்வேரை மொதல்ல ஏத்திப் பாரு. அப்பவும் ஓடலன்னா கேளு. என்ன பொட்டி, எந்தப் பதிப்பு, நீ என்ன செஞ்சே, என்ன வந்துச்சு. எரர் மெசேஜை எழுத்து பிசகாம அப்படியே ஒட்டு. ஒருத்தரு "மேனுவலைப் படி"ன்னாருன்னா மூஞ்சியைத் தூக்காதே. மாப்பிள்ளை முறுக்கெல்லாம் மாமியார் வீட்டோட. எவனாச்சும் 'ஆர்எம்' கட்டளை ஒண்ணைச் சொல்லி அடிச்சுப் பாருன்னா, 'மேன் ஆர்எம்'னு அடிச்சு, அது என்ன செய்யும்னு படிச்ச பொறவு முடிவு பண்ணு. சொன்னவன் சிரிச்சிட்டுப் போயிருவான். அழியுதது உன் கல்யாண போட்டோல்லா.

நச்சரிச்சா என்ன ஆவும்னு ஒரு கதை இருக்கு. கட்டுக்கதையில்ல. எக்ஸ்இஸட்னு கோப்பைச் சுருக்குத சாமான் ஒண்ணு. பல வருசமா ஒத்த ஆளா, காசு வாங்காமப் பாத்துக்கிட்டிருந்தாரு ஒருத்தரு. 2022-ல முகம் தெரியாத சிலபேரு, ஏன் இம்புட்டுத் தாமசம், முடியலன்னா வேற ஆளுகிட்டக் குடுன்னு கரிச்சுக் கொட்டுனாவ. மனசு சோர்ந்திருந்த மனுசன், கூடமாட ஒத்தாசைக்கு வந்தவங்கிட்டச் சாவியைக் குடுத்தாரு. 2024-ல பாத்தா, அந்த ஒத்தாசை உள்ள கள்ளக்கதவு வச்சிருக்கு. கண்டுபிடிச்சது ஆன்ட்ரெஸ் ஃப்ராயண்ட்னு ஒரு இஞ்சினியரு. எஸ்எஸ்ஹெச் வழியா கம்ப்யூட்டருக்குள்ள நுழைய அரை நொடி கூடுதலாவுதேன்னு யோசிச்சாரு. அவரே தோண்டித் துருவி, ஆதாரத்தோட எழுதிப் போட்டாரு. அரை நொடிக்கு அவரு அம்புட்டுத் தேடுனாரு. நீ அஞ்சு நிமிசம் கூகுள்ல தேடுனியா?

சரியான பொறவு "ஓகே, ரெடியாயிட்டு"ன்னு மட்டும் எழுதிட்டு ஓடிராதே. எதைச் செஞ்சதும் சரியாச்சுன்னு ரெண்டு வரி போட்டா, அடுத்து வாரவன் உன்னை வாழ்த்துவான். புரோகிராம் எழுதத் தெரியாதேன்னு கவலைப்படாதே. தமிழ் மெனுவுல ஒத்து விட்டுப்போயிருக்கும், மேனுவல்ல பழைய கட்டளை கெடக்கும். அதைத் திருத்தி அனுப்பு. கல்யாண வீட்டுச் சாம்பாருல ஒரு உப்புக்கல்லு கொறஞ்சாலும் கண்டுபிடிக்க நாக்குல்லா உனக்கு? ஊருக்குள்ள அதுக்கு ஏச்சுதான் கெடைக்கும். அங்கன ஒழுங்கா எழுதிக் குடுத்தா, பக் ரிப்போர்ட்டுன்னு வாங்கிக்கிட்டு நன்றியும் சொல்லுவாவ.