துளசிக்கு வைஃபை எதற்கு?

கே: கோடை லீவுக்குப் பத்து நாள் சென்னை போகிறோம். மாடித்தோட்டத்துக்குத் தண்ணீர் விட ஆளில்லை. "வைஃபை போர்டு வச்சு நானே ஒண்ணு பண்றேம்மா" என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். நம்பலாமா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

ப: மகனை நம்பலாம். அவன் சொல்லும் தேதியை நம்பாதீர்கள். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, ஒரு கையில் சால்டரிங் அயர்னும் மறு கையில் தோசையுமாக முடிக்கப்படும் கருவி, உங்கள் ரயில் அரியலூர் தாண்டுவதற்குள் படுத்துவிடும். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே இரண்டு வாரம் ஓடட்டும்.

விஷயம் எளிது. மண்ணில் செருகிய சென்சார் ஈரத்தை ஓர் எண்ணாகச் சொல்கிறது. எண் எல்லை தாண்டினால் போர்டு ரிலேயைத் தட்டுகிறது. டிரம்முக்குள் கிடக்கும் குட்டி மோட்டாரை ரிலே ஓடவிடுகிறது. கெட்டுப்போகும் வழிகள்தான் ஏராளம். இந்த வாரத் தபாலே சாட்சி.

கே: எந்த போர்டு வாங்கலாம்?
– ஒரு மாணவர், கோவை

ப: ஒரு தொட்டி, ஒரு மோட்டார் என்றால் நோட்எம்சியு போதும். அதன் உயிர் ஈஎஸ்பி8266 என்ற சில்லு. ஷாங்காய் நகரத்து எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் தயாரிப்பு. 2014-இல் இது வெளியே வந்த பிறகுதான் சில நூறு ரூபாய்க்குள் வைஃபை கைக்கு வந்தது. ஆனால் அதில் அனலாக் பின் ஒன்றே ஒன்று. நாலைந்து சென்சார் வேண்டுமென்றால் ஈஎஸ்பி32 வாங்குங்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் அனலாக் பின்கள் ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு குழு. வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் சென்சாரைப் படிக்காது. ஆகவே 32-இலும் அதற்கு மேற்பட்ட பின்களிலும் இணையுங்கள். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவுக்குப் போவார்கள். போர்டு வாங்கப் போய் ஸ்பீக்கரோடு திரும்பியவர்கள் உண்டு, ஜாக்கிரதை.

கே: இரண்டு முள் வைத்த ஈரப்பத சென்சார் வாங்கினேன். ஒரு மாதத்தில் ஒரு முள்ளில் உலோகப் பூச்சையே காணோம். என் மண்ணில் ஆசிட் இருக்கிறதா?
– ஒரு வாசகர், தாம்பரம்

ப: மண் மேல் பழி போடாதீர்கள். அந்த சென்சார் இரு முட்களுக்கும் இடையே கரண்ட் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்துத்தான் ஈரத்தைச் சொல்கிறது. ஈர மண்ணில் டிசி கரண்ட் இடைவிடாமல் பாய்ந்தால் பள்ளிக்கூடத்தில் படித்த மின்னாற்பகுப்பு உங்கள் தொட்டியிலேயே நடக்கும். பாசிட்டிவ் பக்கத்து முள் கரைந்து போகும். அந்தச் செம்பு எங்கே போயிற்று என்று கேட்டால் கீரைக்குத்தான் தெரியும். படிக்கிற ஒரு நொடி மட்டும் கரண்ட் கொடுத்தால் ஆயுள் கொஞ்சம் நீளும்.

இதைவிட நல்ல வழி, கெபாசிட்டிவ் சென்சார். அதில் உலோகம் நேரடியாக மண்ணைத் தொடாது. ஆனால் பலகையின் வெட்டிய ஓரங்கள் வழியே ஈரம் ஏறும், கழுத்தில் உள்ள சில்லுக்கும் தண்ணீர் ஆகாது. இரண்டு கோட்டு நெயில் பாலிஷ் அடித்துவிடுங்கள். யாருடைய நெயில் பாலிஷ் என்று கேட்டுவிட்டு எடுப்பது உத்தமம்.

ஒன்று கவனிக்க வேண்டும்: இந்த வகை சென்சாரில் மண் காயக் காய எண் ஏறும். இது தெரியாமல் தலைகீழாக எழுதினால், நனைந்த செடி மேலும் நனையும், காய்ந்தது காய்ந்தே கிடக்கும். யாரோ வீடியோவில் சொன்ன எண்ணையும் போடாதீர்கள். செம்மண் தொட்டி காட்டும் எண் வேறு, தென்னை நார்த்தூள் நிரப்பிய குரோ பேக் காட்டும் எண் வேறு. நார்த்தூள் மேலே காய்ந்து கிடக்கும், உள்ளே ஈரம் சொட்டும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள். "இனி விடலாம்" என்று தோன்றும் நேரத்தில் சென்சார் என்ன காட்டுகிறதோ அதுதான் உங்கள் எல்லை.

கே: எங்கள் வீட்டில் அதிவேக 5ஜி வைஃபை. போர்டு அதைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது.
– ஒரு வாசகர், மதுரை

ப: உங்கள் ரவுட்டர் சொல்வது 5 கிகாஹெர்ட்ஸ். ஈஎஸ்பி8266-க்குத் தெரிந்ததெல்லாம் 2.4 மட்டும். பழைய அலைவரிசையையும் திறந்து வையுங்கள்.

கே: மோட்டாரை 15 நொடியில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அதுவும் நிற்கிறது. தண்ணீர் மட்டும் டிரம் காலியாகும்வரை வந்துகொண்டே இருக்கிறது. புரோகிராமை எத்தனை முறை படித்தும் தப்பு தெரியவில்லை.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

ப: தெரியாது, ஏனென்றால் புரோகிராம் நிரபராதி. டிரம்மை ஸ்டூல் மேலும் தொட்டியைத் தரையிலும் வைத்திருக்கிறீர்கள், சரிதானே? டியூபில் ஒருமுறை தண்ணீர் நிரம்பிவிட்டால் மோட்டார் நின்றாலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அது தானே இழுத்துக்கொண்டு ஓடும். சைஃபன். டிரம்மைத் தரைக்கும் தொட்டியைத் திட்டுக்கும் மாற்றுங்கள். முடியாவிட்டால் டிரம்முக்குள்ளேயே, தண்ணீர் மட்டத்துக்கு மேலே டியூபில் ஓர் ஊசித்துளை போடுங்கள். மோட்டார் நின்றதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். ஓடும்போது துளையில் பீச்சுகிற தண்ணீரும் டிரம்முக்குள்ளேயே விழும்.

கே: கரண்ட் போய் வரும்போதெல்லாம் மோட்டார் ஒரு உதறு உதறிவிட்டு நிற்கிறது. என் மனைவி பயப்படுகிறார்.
– ஒரு வாசகர், விருதுநகர்

ப: காத்து கருப்பெல்லாம் இல்லை என்று சொல்லுங்கள். கடையில் கிடைக்கும் ரிலேக்களில் பல, பின் 'லோ' ஆனால்தான் ஓடும் ஜாதி. போர்டு விழித்தெழும்போது சில பின்கள் தம் இஷ்டத்துக்கு ஆடும். நோட்எம்சியுவில் டி3, டி4, டி8 வேண்டாம், டி1 அல்லது டி2 பாருங்கள். புரோகிராமில் முதலில் 'ஹை' எழுதிவிட்டு, பிறகு அந்தப் பின்னை அவுட்புட் என்று அறிவியுங்கள். பலரும் இதைத் திருப்பிச் செய்வதால்தான் அந்த உதறல்.

மோட்டாருக்கும் போர்டுக்கும் ஒரே போன் சார்ஜரா? அப்படியென்றால் இன்னொரு வில்லங்கமும் காத்திருக்கிறது. மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் சரிந்து போர்டு மயங்கி விழும். எழுந்ததும் "மண் காய்ந்திருக்கிறதே" என்று மறுபடி மோட்டாரைப் போடும், மறுபடி விழும். மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுங்கள், அதன் குறுக்கே ஒரு டயோடும் போடுங்கள்.

கே: காலை 6 மணிக்குத் தண்ணீர் விடச் சொன்னேன். தினமும் சரியாக 11.30-க்கு விடுகிறது.
– ஒரு வாசகி, ஈரோடு

ப: உங்கள் போர்டு கிரீன்விச்சில் குடியிருக்கிறது. இணையத்திலிருந்து நேரம் வாங்கும் வரியில் 0 என்று இருக்கும் இடத்தில் 19800 போடுங்கள். ஐந்தரை மணி நேரத்துக்கான நொடிக் கணக்கு அது. ஈரோட்டு வெயிலில் 11.30 மணி வரை தாக்குப்பிடித்த செடிகளுக்கு என் வணக்கம்.

கே: எல்லாம் சரியாகவே ஓடுகிறது. இனிமேல் நிம்மதியாக இருக்கலாமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

ப: சென்சாரைக் காக்கா பிடுங்கிப் போட்டால்? காற்றில் தொங்கும் சென்சாருக்கு உலகமே பாலைவனம்தான். "காய்ந்திருக்கிறது, காய்ந்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், போர்டும் ஊற்றிக்கொண்டே இருக்கும். மறுநாள் கீழ்வீட்டுக்காரர் தம் கூரையைக் காட்ட உங்களை அழைப்பார்.

எனவே சென்சார் என்ன சொன்னாலும் மோட்டாருக்குத் தனியே ஒரு வரம்பு வேண்டும். ஒரு தடவைக்குச் சில நொடிதான். பிறகு அரை மணி சும்மா இருக்கட்டும், தண்ணீர் மண்ணில் பரவ அவகாசம் வேண்டாமா? மூன்று தடவை விட்டும் எண் அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு உங்களுக்குச் செய்தி அனுப்பட்டும். சென்சார் கழன்றிருக்கும், அல்லது டிரம் வற்றியிருக்கும். வற்றிய டிரம்மில் ஓடினால் குட்டி மோட்டார் கருகிவிடும். இந்தக் கருவியில் எதையாவது விட்டுவிட வேண்டுமென்றால் போன் ஆப்பை விடுங்கள், இந்த நாலு வரியை விடாதீர்கள்.

கே: நெட் போய்விட்டால் செடி செத்துவிடுமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

ப: முடிவெடுக்கும் வேலை போர்டிடமே இருந்தால் சாகாது. எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டுத்தான் தண்ணீர் விடும் என்று எழுதினால் சாகும். வைஃபை சேதி சொல்ல மட்டும் இருக்கட்டும். அதற்குப் பலரும் பயன்படுத்தும் எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறை, 1999-இல் பாலைவன எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவானது. இன்று அது உங்கள் புதினாவின் தாகத்தைச் சுமந்து வருகிறது!

கே: மண்பானையைத் துளியூண்டு வாய் தெரியப் புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வைத்தாலே பக்கத்துச் செடிக்கு ஈரம் கசியும். இதற்குப் போய் இவ்வளவு வயரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ப: ஐயா, இரண்டு செடிதான் என்றால் நீங்கள் சொல்வதே சரி. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய சீன வேளாண் நூலிலேயே இந்த உத்தி இருக்கிறது. கரண்ட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். ஆனால் பூச்சும் மெருகும் இல்லாத பானையாக இருக்க வேண்டும், சின்ன குரோ பேக்கில் பானை வைத்தால் செடிக்கு இடமிருக்காது. நாற்பது பை வைத்திருப்பவர் வயருக்குத்தான் வந்தாக வேண்டும்.

கே: கருவி செய்ததிலிருந்து என் கணவர் மாடிக்கே போவதில்லை. போனில் கிராஃப் பார்த்துவிட்டு "செம்பருத்தி சூப்பரா இருக்கு" என்கிறார். நான் போய்ப் பார்த்தால் தண்டெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கிறது.
– ஒரு வாசகி, வேளச்சேரி

ப: மாவுப்பூச்சி. அதைக் கண்டுபிடிக்கும் சென்சார் உங்கள் கணவரின் கிராஃபில் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். சாயங்காலமாக, இலைக்கு அடியிலும் படும்படி, வாரம் ஒருமுறை. தெளிப்பவர் அவர்தான், அதையும் ஆட்டோமேட்டிக் ஆக்குகிறேன் என்பார், விடாதீர்கள்.