திருத்திவிடாதீர்கள், ஐயா

பெறுநர்: டிஜிட்டல் அரசாங்கத்தின் பெரிய ஐயா, கொழும்பு.

ஐயா,

கித்துல்கல கடைத்தெருவில், போன் திருத்தும் கடை வாசலில், ஒரு ஸ்டூலும் பழைய லேப்டொப்புமாக உட்கார்ந்து போம் நிரப்பிக் கொடுப்பவன் எழுதுவது. முறைப்பாடு இல்லை, நன்றிக் கடிதம்.

தாள் காலத்தில் ஒரு மனு எழுதினால் எனக்கு ஒரு பிளேன்டீ. நீங்கள் எல்லாவற்றையும் ஒன்லைனில் போட்ட பிறகுதான் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிகிறது. 2022 இல் பெற்றோலுக்கு கியூஆர், 2023 இல் அஸ்வெசும நிவாரணம், இனி டிஜிட்டல் அடையாள அட்டை. ஒவ்வொன்றுக்கும் தோட்டத்திலிருந்து என் ஸ்டூல் வரை வரிசை. ஒன்லைனில் நிரப்பியதைப் பிரிண்ட் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் கையெழுத்து வாங்கி, மூன்று போட்டோ கொப்பியோடு நேரில் வரச் சொல்கிறார்களே, அதை யோசித்த புண்ணியவானுக்குச் சிலையே வைக்கலாம். ‘தமிழ்’ என்ற பொத்தானை அமுக்கினால் சிங்களப் பக்கம் திறக்கிறது. அதுவும் நல்லதுக்கே. வாசித்துச் சொல்லத் தனிக்கூலி.

போம் நிரப்ப வருபவரின் ஓடிபி போவது அவருடைய மகனின் போனுக்கு. மகன் கொழும்பில் ஒரு கடையில். முதலாளி பார்க்காத நேரம் போனை எடுத்து அவன் இலக்கம் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். திரும்ப முதலிலிருந்து, திரும்பக் கூலி. (இரண்டாம் தடவைக்குப் பாதிதான் வாங்குகிறேன்.)

உங்கள் மேகக் கணினிக்கும் என் வணக்கம். வருஷம் முழுக்க நனைகிற கித்துல்கலக்காரனுக்கு மேகத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் 2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை ஏறத்தாழ 5,000 அரசாங்க முகவரிகளுக்கு வந்த மின்னஞ்சலை, பேக்அப்பும் இல்லாமல், ஒரு வைரஸ் விழுங்கியது நாங்களும் காணாத மேகவெடிப்பு. குறை சொல்லவில்லை. 1957 இல் வந்த குவாய் நதிப் பாலப் படத்துக்காக, களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டி, கமராவுக்கு முன்னால் வெடிவைத்துத் தகர்த்த ஊர் இது. படம் பிடிக்கவென்றே கட்டுவது எங்களுக்குப் புதிதல்ல.

என் பெரிய வரும்படி விலாசக் கட்டம்தான். வீட்டு இலக்கம், வீதி. இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் விடாது. தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வீதி ஏது? தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு. அத்தனை காம்பராவுக்கும் ஒரே விலாசம். பிரதேச சபை தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டம் திருந்தியதே 2018 இல். ஆகவே நானே பெயர் வைக்கிறேன்: பலாமரத்தடி வீதி, பீலிக்கரை வீதி. கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. இந்தப் பக்கத்து வீதிகள் பாதிக்கு நான்தான் தகப்பன்.

ஒரே ஒரு பயம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மலையும் மழையும் அத்துப்படி. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் கிளம்பு. இதே கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் 2016 மே 17 அன்று மலை இறங்கியதை நாங்கள் மறக்கவில்லை. எந்தச் சரிவு இறங்கும் என்று நிறம் தீட்டிய வரைபடம் அவர்களிடம். அந்தச் சரிவில் யார் இருக்கிறார்கள் என்பது உங்கள் போமில், நான் இட்டுக்கட்டிய வீதியில். இரண்டும் ஒரு நாள் ஒரே மேசைக்கு வந்துவிட்டால்? ‘கிளம்பு’ என்ற செய்தி, மலைக்கு முன்னால், தமிழில் வந்துவிட்டால்? பிறகு என் ஸ்டூலுக்கு யார் வருவார்? தயவுசெய்து சந்திக்க விடாதீர்கள்.

அடையாள அட்டைக்கு விரல் ரேகை கேட்பீர்களாம். முப்பது வருஷம் இறப்பர் பால் வெட்டிய விரலில் ரேகை விழாவிட்டால் பதற வேண்டாம். அதற்கும் ஒரு போம் அடித்துவிடுங்கள், நான் இருக்கிறேன்.

பதில் போட்டால் தோட்டத்து ஆபீசுக்கே போடுங்கள். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது பேர் கூப்பிடுவார்கள்.

இப்படிக்கு,
போம் நிரப்புகிறவன்,
இலக்கம் 1, பீலிக்கரை வீதி, கித்துல்கல.
(கணினி ஏற்றுக்கொண்ட விலாசம்.)