செலக்‌ஷன்காரர் வீட்டு ஸ்கர்ட்டிங்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்து டைல்ஸ் கடைகளில் இவரைப் பார்க்கலாம். பெட்டியைப் பிரித்து, ஒரு கல்லை வாசலுக்குத் தூக்கிப்போய், வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார். சந்தேகமே வேண்டாம், தோல் பதனிடும் ஷாப்பில் செலக்‌ஷன் பார்த்து ஓய்வு பெற்றவர். உண்ணிக் கடி, கத்தி வெட்டு, முள் கீறல் என்று தேடித்தேடித் தோலைத் தரம் பிரித்த கண். பி.எஃப். பணம் கைக்கு வந்துவிட்டது. கண்ணுக்கு மட்டும் இன்னும் ரிடையர்மெண்ட் வரவில்லை.

தரைக்கு என்ன டைல்ஸ் என்பதை மனைவி அரை மணியில் முடித்துவிட்டார். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓடுகிற நாலு அங்குலப் பட்டை இருக்கிறதே, ஸ்கர்ட்டிங், அதுதான் இவருடைய ராஜ்யம். 2019-இல் வேலூர் மாவட்டத்தையே மூன்றாகப் பிரித்து முடித்துவிட்டார்கள். ஹாலுக்கு எது, ரூமுக்கு எது என்று இவரால் பிரிக்க முடியவில்லை.

“இந்தப் பெட்டி ஷேடு வேற.”

“ஒரே பேட்ச்தான் சார்.”

இவர் பெட்டியைப் புரட்டி பேட்ச் எண்ணைக் காட்டினார். வேறுதான். இவரிடம் உள்ள தொல்லையே இதுதான்: பாதி நேரம் இவர் சொல்வது சரியாகவே இருந்துவிடும்.

அடுத்தது கட்டிங். இரண்டடிக் கல்லில் நாலு அங்குலப் பட்டை ஆறு வரவேண்டும். ஆனால் கடைக்காரர் சொல்லும் இரண்டடி என்பது 600 மில்லிமீட்டர். அது 24 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிளேடு தின்பது வேறு. ஐந்து முழுசாக வரும், ஆறாவது நொண்டும். தோலில் வேஸ்ட் விழுந்தால் முதலாளி முகம் எப்படிப் போகும் என்று தெரிந்தவர் விடுவாரா? மூன்றே முக்கால் அங்குலமாக வெட்டச் சொல்லி ஆறையும் எடுத்துவிட்டார். கூலியை ரன்னிங் அடிக்கு என்று மேஸ்திரி சொன்னபோதுதான் ஆடிப்போனார். ஆயுள் முழுக்கச் சதுர அடியில் யோசித்தவர். பத்துக்குப் பன்னிரண்டு அறையில், கதவு போக, 41 அடி ஓடும் பட்டை சதுர அடியில் பதின்மூன்றுகூட வராது. “மூணு ஆட்டுத்தோல்கூட இல்லையேப்பா!”

ஸ்கர்ட்டிங்கைச் சுவரோடு சமமாகப் பதிக்க வேண்டும் என்றார்.

“அத்த பூச்சுக்கு முன்னாடியே சொல்லணும் சார்” என்றார் மேஸ்திரி.

வெளியே துருத்தினால் மேல்விளிம்பில் தூசி உட்காருமாம். “தொடைக்கப் போறது நானு. நீங்க ஏன் கவலப்படறீங்க?” என்று மனைவி கேட்டதோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

இத்தனைக்கும் அந்தப் பட்டைக்கு அங்கே உருப்படியான வேலை உண்டு. தரை துடைக்கும் தண்ணீர் படாமல் சுவரைக் காப்பது எந்த ஊருக்கும் பொது. பாலாற்றுக் கரையில் உப்பும் உண்டு. பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு, ஊறவைத்துக் கழுவும்போது தண்ணீரோடு போய் நிலத்தில் இறங்கியது; 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அந்தக் கழிவு விவகாரம் முற்றியது. போர் தண்ணீரில் குழைத்துப் பூசிய சுவர் அடியில் உப்புப் பூத்து உதிர்வதைப் பார்த்து, “தண்ணி சரியில்ல” என்று இவரே முகம் சுளிப்பார். எந்தத் தண்ணி, யார் விட்டது என்ற பேச்சுக்கு மட்டும் காது கேட்காது.

வெட்டி வந்த பட்டைகளை மொட்டை மாடியில் பரப்பி ஒவ்வொன்றாகப் புரட்டினார். மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: “இன்னா சார், டைல்ஸக்கூட உண்ணி கடிக்குமா?”

காதில் வாங்கவில்லை. முதல் ரகம் ஹாலுக்கு, இரண்டாவது ரூமுக்கு, மூலை சிதறியது கட்டிலுக்குப் பின்னால், கழித்தது பீரோவுக்கு அடியில். ஷாப்பில் கழித்த தோலுக்கும் ஒரு வியாபாரி வருவார், பீரோவும் அப்படித்தான்.

புதுமனை புகுவிழாவுக்குப் பழைய ஷாப் சகாக்கள் வந்தார்கள். ஃபால்ஸ் சீலிங்கை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பிரியாணிக்கு இலை போடுவதற்குள் இரண்டு பேர் குனிந்து கட்டிலை நகர்த்திவிட்டார்கள்.

“இன்னாண்ணா, தேர்டு கிரேடெல்லாம் இங்க ஒளிச்சு வச்சிக்கீற?”

“எக்ஸ்போர்ட் சரக்கு ஹால்ல கீதுடா. அத்தப் போய்ப் பாரு.”