வில்லியனூர்த் தேரும் கேமராவின் கூடப்பிறந்த பிளாஷும்: ஓர் ஆய்வு

பிலிம் கேமராக்களிடையே மேல்தட்டு, கீழ்த்தட்டு உண்டு. நிக்கான் எஃப்5 (1996), எஃப்100 (1998) ஆகிய பெரிய மனிதர்களின் தலையில் பிளாஷ் கிடையாது. 2000-இல் வந்த எளிய எஃப்80-க்கு உண்டு. ஆகவே கூடப்பிறந்த பிளாஷ் கற்றுக்குட்டிகளின் சாமான் என்று அறிஞர்கள் தீர்ப்பெழுதிவிட்டார்கள். லென்ஸ் வழியே ஒளியை அளக்கும் பிளாஷைத் தலையிலேயே வைத்து பென்டாக்ஸ் எஸ்எஃப்எக்ஸ் 1987-இல் வந்தும் அவர்கள் மனம் இளகவில்லை. இந்த வழக்கை ஸ்டூடியோவில் விசாரித்ததுதான் பிழை. வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரடியில் விசாரித்திருக்க வேண்டும்.

எஃப்80 பிளாஷின் வழிகாட்டி எண், ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு, 12. அதை லென்ஸ் துவார எண்ணால் வகுத்தால் ஒளி எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். உச்சி வெயிலுக்கு எஃப்/16, 1/125 நொடி. பிளாஷ் போட்டால் இந்தக் கேமராவில் அதைவிட வேகமாக ஷட்டரை ஓட்ட முடியாது. பன்னிரண்டைப் பதினாறால் வகுத்தால் 75 சென்டிமீட்டர். எதிர்க்கட்சி இங்கே கைதட்டும். ஆனால் தலைத்துண்டின் நிழலில் கரிந்துபோன கண்களைத் தூக்கிக்காட்ட வெயிலுக்கு நிகரான ஒளி தேவையில்லை, கால் பங்கு போதும். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைவதால், கால் பங்குக்கு ஒன்றரை மீட்டர் வரை போகலாம். பிரெஞ்சு கவர்னர் காலத்திலிருந்து ஆட்சியாளரே வடம் தொட்டு இழுக்கும் தேர் அது. அந்த நெரிசலில் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் விலகி நிற்க யாருக்கு இடம் கிடைக்கிறது? பிளாஷின் பலவீனத்தைக் கூட்டமே ஈடுகட்டிவிடுகிறது.

தனி பிளாஷ் வலியது என்பார்கள். உண்மைதான், அதற்கும் அதன் நான்கு பேட்டரிகளுக்கும் ஒரு பை வேண்டும், பை வடத்தில் சிக்கும். இரவில் கோபுரத்தைக் காட்டாதே என்பார்கள், காட்டாதுதான். நான்கு மீட்டரில் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கே நாற்பது மீட்டரில் விழும், இருந்தும் பக்தர்கள் விடாமல் மின்ன வைப்பது தனி ஆய்வுக்குரியது. கண் சிவக்கும் என்பது கல்யாண வீட்டுக் குற்றச்சாட்டு. பிளாஷ் லென்ஸை ஒட்டி இருப்பதால் விழித்திரையின் சிவப்பு நேரே திரும்பி வருகிறது. லென்ஸைப் பார்க்கும் கண்ணுக்குத்தான் இந்த ஆபத்து, தலை குனிந்த மணப்பெண்ணுக்கு இல்லை. நிமிர்ந்தே நிற்கும் மாப்பிள்ளைக்கு இவ்வாய்வில் விடையில்லை. பெரிய லென்ஸ் மாட்டினால் படத்தின் அடியில் அரைவட்ட நிழல் விழும் என்பதை மறுப்பதற்கில்லை. தேர்க்கூட்டத்தில் அந்த நிழல் மறைப்பது பெரும்பாலும் அடுத்தவர் முழங்கையைத்தான்.