மீன்களின் ஹவுஸ் ஓனர்

சென்னையின் வாடகை வீடுகளில் ஓர் அபூர்வ ரகத்து மனிதர் குடியிருக்கிறார். கூடத்தில் டி.வி. இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல் மீன் வளர்ப்பவர். கப்பி, மோலி வளர்ப்பவர்களோடு அவரைச் சேர்த்துப் பேசிவிடாதீர்கள். "அது நல்ல தண்ணி சார், யார் வேணும்னாலும் வளர்க்கலாம். இது மரைன்" என்பார். 'மரைன்' என்னும்போது குரல் ஒரு படி இறங்கும்.

தொட்டியின் நீளம் மூன்றடி. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். பாறை, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் எடை கால் டன்னைத் தொடும். இந்தக் கணக்கு மனைவிக்குத் தெரியும், மாமனாருக்குத் தெரியும், மாடி வீட்டுப் பையனுக்கும் தெரியும். ஹவுஸ் ஓனருக்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் அட்வான்ஸ் தரை ரிப்பேருக்குப் போய்விடும்.

அந்த வீடு கிடைப்பதற்குள் அவர் பதில் சொன்ன கேள்விகள் கொஞ்சமல்ல. மொத்தம் எத்தனை பேர்? சைவமா, அசைவமா? ஃபேமிலியா, பேச்சிலரா? சுவரில் ஆணி அடிப்பீர்களா? ஒன்றையும் அவர் மறக்கவில்லை. பத்திரமாக வைத்திருந்து, இப்போது மீன்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தொட்டி வந்த முதல் மாதம் முழுவதும் யாரையும் குடிவைக்க மாட்டார். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புப் பொடியைக் கலந்து, பாறை அடுக்கி, மோட்டாரைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பார். "மீன் எங்கே சார்?" என்று வருகிறவர்கள் கேட்டால், "பாக்டீரியா செட் ஆகிட்டிருக்கு" என்பார். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் பரவ நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் மீனை விட்டால் பிழைப்பது கஷ்டம். விருந்தாளி பாக்டீரியாவைத் தேடிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்ப்பார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கொளத்தூருக்குக் கிளம்புவார். கடைக்காரர் லயன் ஃபிஷ்ஷைக் காட்டுவார்.

"என்ன சாப்பிடும்?"

"எது போட்டாலும் சாப்பிடும் சார்."

"அதான் பயம். வாயில நுழையற அளவுக்கு எந்த மீன் இருந்தாலும் சாப்பிடும். வேண்டாம்."

அடுத்தது மாண்டரின். கோலம் போட்டதுபோல உடம்பு. "இது ரொம்ப சாது சார், யார் வம்புக்கும் போகாது."

"சாதுதான். ஆனா பாறையில ஊர்ற பூச்சியைத் தவிர எதையும் தொடாது. என் பாறையைச் சீக்கிரமே காலி பண்ணிட்டுப் பட்டினி கிடக்கும்."

கடல் குதிரை என்று யாராவது வாயெடுத்தால் கையெடுத்துக் கும்பிடுவார். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் உயிர்.

கடைசியில் நீல டாம்சல். விலை மலிவு, எதையும் தாங்கும். அவர் முகம் சிவக்கும் இடம் இதுதான். டாம்சல் உள்ளே வரும்போது இரண்டு அங்குலம்தான். ஆனால் இடம் பிடித்துவிட்டால் தன்னைவிடப் பெரியதையும் விரட்டும். காலி பண்ணவைக்க வேண்டுமென்றால் பாறை முழுவதையும் வெளியே எடுத்தால்தான் கைக்குச் சிக்கும். கோர்ட்டுக்குப் போனாலும் காலி பண்ணாத குடித்தனக்காரர்களை அவர் தெருவில் பார்த்திருக்கிறார்.

இவ்வளவு கெடுபிடி எதற்கென்று கேட்டால் ஒரே வரியில் சொல்வார்: "கடல்ல தோத்த மீன் ஓடிடும் சார். இங்க ஓடினா மூணு அடியில கண்ணாடி." அதனால்தான், ஜோடி சேரும் இனம் தவிர, ஒரே நிறம், ஒரே உடல்வாகு உள்ள இரண்டு மீன்களை அவர் சேர்க்க மாட்டார், பங்காளிச் சண்டை வரும். பயந்தது முதலில், முரடு கடைசியில் என்பது அவர் குடியேற்ற வரிசை. புதிதாக ஒன்று வரும் நாளில் பாறைகளை இடம் மாற்றி அடுக்குவார். பழைய பட்டா எதுவும் செல்லாது. எல்லோரும் புதிதாக இடம் தேட வேண்டும்.

இத்தனை தேர்விலும் தேறியவர்கள் ஐந்து பேர். அவர்களில் இருவர் கோமாளி மீன்கள். பிறந்த ஊர் கேட்டு, பொரிப்பகத்தில் பிறந்தவையாகப் பார்த்து வாங்கியவை. தொட்டி வாழ்க்கை அவற்றுக்குப் பழக்கம். பேச்சிலர் என்று சொல்லி இவரையே ஒரு காலத்தில் பல ஓனர்கள் திருப்பி அனுப்பியதுண்டு. இவரோ இரண்டு பேச்சிலர்களைத் தெரிந்தே குடிவைத்தார். கோமாளி மீன் எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும். சேர்த்து வைத்தால் பெரியது பெண்ணாக மாறிவிடும். கொஞ்ச நாளில் அதுவே ஃபேமிலி.

மூன்றாவது ஃபயர்ஃபிஷ். பயந்தால் துள்ளி வெளியே குதித்துவிடும் என்பதால் தொட்டிக்கு வலை மூடி. நான்காவது, இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைச் சேர்ந்த கார்டினல். ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காப்பாற்றும் இனம். ஐந்தாவது மஞ்சள் கோபி. அது தனியாக வரவில்லை, கூடவே ஒரு பிஸ்டல் இறாலும் வந்தது. சரியாகக் கண் தெரியாத இறால் வளை தோண்டும். கோபி வாசலில் நின்று காவல் காக்கும். வாட்ச்மேனோடு வருகிற குடித்தனத்தை யார் வேண்டாமென்பார்? தோண்டும் பழக்கம்தான் உதைத்தது. அதற்காகப் பாறைகளை மணல்மேல் வைக்காமல், அடிக் கண்ணாடியிலேயே உட்காரவைத்து மணலைச் சுற்றிலும் கொட்டினார். இனி எவ்வளவு தோண்டினாலும் பாறை சரியாது.

இத்தனையும் பார்த்துவிட்டு விருந்தாளி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டோரி இல்லையா?" 2003-இல் 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் டோரி என்ற மீன் வந்ததிலிருந்து இவர் ரகத்து ஆட்களை இந்தக் கேள்வி துரத்துகிறது. கடையில் இரண்டு அங்குலமாக இருக்கும் டோரி வளர்ந்தால் ஓர் அடி. ஒன்றரை அடி அகலத் தொட்டியில் அது திரும்புவதற்கே யோசிக்க வேண்டும்.

மரைன் தொட்டி வைக்கும் எண்ணம் உங்களுக்கும் இருந்தால், நிறத்தில் மயங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு வளரும், என்ன தின்னும், யாரோடு மோதும். எண்ணமில்லை, சும்மா பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், டோரி பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். அதற்கு அவர் சொல்லும் பதில் முக்கால் மணி நேரம். காப்பி அதற்கப்புறம்தான் வரும்.